ஒரு கத்தலான் பாடகரை பாஸ்க் மக்கள் தமதாக்கிக்கொண்ட கதை

பாஸ்க் நாட்டில் ஊர்த் திருவிழா முடியும் நேரத்திலோ, ஊர்வலம் கலையும் இடத்திலோ, மதுக்கடை வாசலில் நாலு பேர் தோளில் கைபோட்டு நிற்கும்போதோ ஒரு பாட்டு தானாகக் கிளம்பும். பெயர் ‘அகுரே சஹாரா’, அதாவது கிழவர். கிழவர் ஒருவர் அதிகாலையில் வேலைக்குப் போகும் இளைஞனிடம் பேசுவதாக அமைந்த பாட்டு. மூன்று தட்டுத் தாளம். இரண்டாவது முறை பல்லவி வரும்போது புதிதாகக் கேட்பவரும் சேர்ந்து பாடிவிடலாம், அவ்வளவு எளிய மெட்டு. முதல்முறை கேட்பவர் இதை நூறு வருஷத்துப் பாஸ்க் நாட்டுப்புறப் பாட்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்.

உண்மையில் மெட்டு 1968இல் பிறந்தது. அதைப் போட்டவர் கத்தலோனியாக்காரர், லுயிஸ் யாக். அவருக்கு அப்போது வயது 20. அரசியல் வரைபடத்தில் இரண்டு நிலங்களும் ஸ்பெயினுக்குள் இருந்தாலும், ஒரு பாஸ்க்காரருக்குக் கத்தலோனியா வேறு மண், வேறு மொழி. கத்தலான் மொழி லத்தீனிலிருந்து வந்தது. பாஸ்க் மக்களின் எவுஸ்கரா மொழிக்கோ உலகில் உறவுமொழி என்று நிரூபிக்கப்பட்டது எதுவும் கிடையாது. ஒருவர் பேசுவது மற்றவருக்கு ஒரு சொல்லும் புரியாது. அப்படியிருக்க, ஒரு கத்தலான் பாடகர் எப்படி பாஸ்க் மக்களின் நெஞ்சில் இவ்வளவு உரிமையோடு உட்கார்ந்தார் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். பதிலின் ஒரு பாதி இசையில் இருக்கிறது. மறுபாதி 1976 மார்ச் 3ஆம் தேதி மாலை விட்டோரியா நகரில் நடந்த படுகொலையில் இருக்கிறது.

முதலில் இந்த மக்கள் ஒருவருக்கு எப்படி மரியாதை செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. அங்கே அதற்கு முறையே உண்டு. ‘அவுர்ரெஸ்கு’ என்றொரு நடனம். பெருந்தலைவர் வந்தாலும் ஆடுவார்கள், ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஓய்வுபெற்றாலும் ஆடுவார்கள், கல்யாணத்தில் மணமக்கள் முன்னாலும் ஆடுவார்கள். வெள்ளை உடையும் இடுப்பில் சிவப்புத் துணியுமாக ஒருவர் வந்து, தொப்பியைக் கழற்றித் தலைவணங்கி, மரியாதைக்குரியவர் முன் தனியாக ஆடுவார். காலைத் தலைக்கு மேலே வீசும் உதை அந்த ஆட்டத்தின் உச்சம். பக்கத்தில் ஒரே ஒரு இசைக்காரர். இடது கையால் மூன்று துளை மட்டும் உள்ள ‘சிஸ்து’ குழலை ஊதுவார். அதே கையில் ஒரு சின்ன முரசு தொங்கும், வலது கைக் குச்சியால் அதை அடிப்பார். கூட்டம் முழுக்க எழுந்து நிற்கும். ஒரு சத்தம் இருக்காது. இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

அதோடு ‘அகுர் யவுனாக்’ என்ற வாழ்த்துப்பாட்டும் உண்டு. விருந்தினரை வணங்கும் பாட்டுதான், ஆனால் அதன் நடுவில் வரும் வரி கவனிக்கத்தக்கது: நம்மெல்லோரையும் கடவுள்தான் படைத்தார், உங்களையும், எங்களையும் என்கிறது அது. வணங்குகிறவரும் வணங்கப்படுகிறவரும் ஒரே தரையில்தான் நிற்கிறார்கள். பாஸ்க் மக்கள் வெளியூர்க் கலைஞர்களுக்குச் செய்யும் மரியாதைகளில் எல்லாம் இந்த மனநிலையைப் பார்க்கிறேன். அண்ணாந்து பார்க்கும் ரசிக மனோபாவம் அங்கே குறைவு. நீ பாடு, அப்புறம் உன் பாட்டை எங்கள் மொழியில் நாங்கள் பாடுகிறோம், நீ கேள் என்கிற சரிசமமான உறவு அது.

பிறர் மெட்டில் தன் சொல்லைப் போடுவது அங்கே புதிய பழக்கமும் இல்லை. ‘பெர்ட்சோலாரி’ எனப்படும் ஆசுகவிகளின் மரபு முழுக்க அப்படித்தான் இயங்குகிறது. மேடையில் ஒருவர் தலைப்பைச் சொல்வார். கவிஞர் சில நொடிகள் யோசிப்பார். தெரிந்த மெட்டு ஒன்றை எடுத்து, எதுகை பிசகாமல் அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டிப் பாடுவார். கடைசி வரியை முதலில் யோசித்து வைத்துக்கொண்டு அதை நோக்கித்தான் மற்ற வரிகளைக் கட்டுவார்கள் என்பது இந்தக் கலையின் உள்ரகசியம். நாலு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் பத்தாயிரத்துக்கும் மேலானோர் வந்து நாள் முழுக்க உட்கார்ந்து கேட்கிறார்கள். இசைக்கருவி கிடையாது, ஒளி அலங்காரம் கிடையாது, மனிதக் குரல் மட்டும். மெட்டு எங்கிருந்து வந்தது என்று அங்கே யாரும் பட்டா கேட்பதில்லை. திருச்சபைப் பாட்டு, பிரெஞ்சுப் பாட்டு, வானொலியில் கேட்ட பாட்டு எல்லாமே அந்தக் களஞ்சியத்தில் இருக்கின்றன. சொல் நம்முடையதாக இருந்தால் பாட்டு நம்முடையது. யாக்கின் மெட்டு வந்து சேர்ந்தபோது அதற்கான இடம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

சரி, யாக் யார்?

1948 மே 7 அன்று ஜிரோனாவில் பிறந்தார். வளர்ந்தது வெர்ஜஸ் என்ற சிற்றூரில். புனித வியாழன் இரவில் எலும்புக்கூடு வேடமிட்டவர்கள் முரசொலிக்கு ஏற்ப மரண நடனம் ஆடுவது அந்த ஊரின் பழைய வழக்கம். ஒருவர் கையில் அரிவாள், ஒருவர் கையில் முள் இல்லாத கடிகாரம், ஒருவர் கையில் சாம்பல். இப்படி ஓர் ஊரில் வளர்ந்த பையன் பிற்காலத்தில் சாவுமணியை வைத்து ஒரு பெரும் படைப்பைச் செய்தது எனக்கு ஆச்சரியமாகத் தோன்றவில்லை.

அந்த ஊரில் நர்சீஸ் யான்சா என்றொரு முடிதிருத்துநர் இருந்தார். ஊரார் கூப்பிடும் பெயர் சிசெத். யாக்கின் நண்பருடைய தாத்தா. குடியரசுக்காரர், ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியை மனதார ஏற்காதவர். உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பைச் சேர்ந்தவர்கள் வாயைத் திறக்காமல் வாழ்ந்த காலம் அது. இளைஞர்களுக்கு ஊரில் நடந்ததைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆளில்லை. அந்த இடைவெளியை இந்தக் கிழவர் நிரப்பினார். ஆற்றங்கரையில் மீன் பிடித்துக்கொண்டே அவர் பேசியதைக் கேட்டுத்தான் அரசியல் தெரிந்துகொண்டதாக யாக் பலமுறை சொல்லியிருக்கிறார்.

‘அகுரே சஹாரா’வின் கத்தலான் மூலமான ‘லெஸ்தாக்கா’ (முளைக்குச்சி) பாட்டில் சிசெத் தாத்தா அதிகாலையில் வாசலில் நின்றுகொண்டு இளைஞனிடம் பேசுகிறார். நம்மையெல்லாம் கட்டிப்போட்டிருக்கும் முளைக்குச்சி உன் கண்ணுக்குத் தெரியவில்லையா, அதிலிருந்து விடுபடாவிட்டால் நம்மால் நடக்கவே முடியாது என்கிறார். பல்லவியில் வழி சொல்லப்படுகிறது: எல்லோரும் இழுத்தால் விழும், ரொம்ப நாள் தாங்காது, உள்ளே உளுத்துப்போயிருக்கும், நீ அந்தப்பக்கம் இழு, நான் இந்தப்பக்கம் இழுக்கிறேன். பிராங்கோ பெயர் எங்கும் இல்லை. சர்வாதிகாரம் என்ற சொல்லும் இல்லை. ஆனால் கேட்டவர் ஒவ்வொருவருக்கும் புரிந்தது, தணிக்கைக்காரர்களுக்கும் சேர்த்துத்தான். பாட்டுக்குத் தடை வந்தது. அப்புறம் மேடைகளில் யாக் பாடாமல் மெட்டை மட்டும் வாசிப்பார், அரங்கம் முழுக்கப் பாடும். பாடகரைத் தடுக்கலாம், ஆயிரம் பேர் வாயை எப்படி அடைப்பது? 1971இல் அவர் பாரிஸுக்குப் போய்விட்டார். 1973இல் அங்குள்ள ஒலிம்பியா அரங்கில் பாடினார். பிராங்கோ இறந்து இரண்டு மாதம்கூட ஆகாத 1976 ஜனவரியில், பார்சிலோனா விளையாட்டு அரங்கில் மூன்று நாள் கச்சேரியோடு திரும்பி வந்தார். அந்த ஒலிப்பதிவில் பாடகர் குரலைவிடக் கூட்டத்தின் குரல்தான் மயிர்க்கூச்செறிய வைக்கும்.

யாக் தனியாக முளைத்தவர் அல்ல. கத்தலான் மொழியில் பாடுவதையே ஓர் இயக்கமாக நடத்திய ‘எல்ஸ் செட்ஸே ஜுட்ஜஸ்’, அதாவது ‘பதினாறு நீதிபதிகள்’ என்ற குழு 1961இல் தொடங்கியது. அதன் பதினாறாவது, கடைசி உறுப்பினர் அவர். பாஸ்க் கதை இங்கேதான் குறுக்கே வந்து சேர்கிறது. சான் செபாஸ்தியானில் பிறந்த மிக்கேல் லபோவா குழந்தைகளுக்கான மனநல மருத்துவம் படிக்க 1960களில் பார்சிலோனாவுக்குப் போனார். அங்கே இந்தக் குழுவின் வேலையை நேரில் பார்த்தார். தாய்மொழியில், ஒரு கித்தாரோடு, நவீனமாகப் பாட முடியும் என்று கண்டார். அதற்கு முன்பே அர்ஜென்டினாவின் அதவால்பா யுபாங்கியும் சிலியின் வியோலெத்தா பார்ராவும் அவரை அசைத்திருந்தார்கள். ஊர் திரும்பியதும் பெனித்தோ லெர்ச்சுந்தி, ஷபியர் லெத்தே, லூர்தெஸ் இரியொந்தோ, ஆர்ட்சே சகோதரர்கள் என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. சிற்பி ஹோர்ஹே ஒத்தெய்சா வைத்த பெயர் ‘எஸ் தொக் அமாய்ரு’. 1960களின் நடுவிலிருந்து 1972 வரை அந்தக் குழு இயங்கியது.

அந்தக் காலத்துப் பாஸ்க் கச்சேரியை வெறும் கச்சேரியாக நினைத்துவிடக் கூடாது. எவுஸ்கராவில் பெயர் வைக்கவும், பள்ளியில் சொல்லிக்கொடுக்கவும் இடம் இல்லாதிருந்த நாடு அது. ‘இகஸ்தோலா’ எனப்படும் பாஸ்க் வழிப் பள்ளிகளை மக்கள் தாங்களாகவே காசு போட்டு நடத்தினார்கள். அதற்கு நிதி திரட்ட ‘கந்தால்தி’ என்ற பாட்டுக் கூட்டங்கள் நடந்தன. தேவாலய மண்டபத்திலும் ஊர்த் திரையரங்கிலும் பாடுவார்கள். பாட்டுகளின் பட்டியலை முன்கூட்டியே அதிகாரிகளிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். இந்தப் பாட்டுகளை இசைத்தட்டாக வெளியிட்ட ‘ஹெர்ரி கோகோவா’ என்ற முத்திரை, பார்சிலோனாவின் எதிக்சா நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கியது. ஒரே நெருக்கடிக்குள் இருந்த இரண்டு மொழிக்காரர்கள் ஒருவருக்கொருவர் தோள் கொடுத்தார்கள். இந்த நட்பின் கணக்கு வழக்கு தெரியாமல் பிற்பாடு வந்த மரியாதைகளின் ஆழம் புரியாது.

‘லெஸ்தாக்கா’வை எவுஸ்கராவில் பாடிப் பரப்பியவர் கோர்கா க்னோர். விட்டோரியாக் குடும்பத்தவர், ஆனால் பிறந்தது கத்தலோனியாவின் தர்ரகோனாவில். அவருடைய அண்ணன் ஹென்ரிக்கே க்னோர் பாஸ்க் மொழியியலில் பெரிய பெயர். கோர்கா பிற்காலத்தில் அரசியலுக்குப் போய்ப் பாஸ்க் நாடாளுமன்றத்தின் துணைத்தலைவர் வரை வந்தார். இரண்டு மண்ணிலும் கால் வைத்திருந்த ஒருவர் கையால் இந்தப் பாட்டு எல்லை தாண்டியது பொருத்தம்தான்.

பாஸ்க் வடிவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பெரிய மாற்றம் தெரியும். சிசெத் என்ற பெயர் போய்விட்டது, வெறும் கிழவர்தான். இளைஞன் வாசலில் அவரோடு நிற்கவில்லை, வேலைக்குக் கிளம்பிப் போய்க்கொண்டிருக்கிறான். எல்லாவற்றையும்விட முக்கியமாக, முளைக்குச்சி இல்லை. அந்த இடத்தில் ஒரு குடிசை இருக்கிறது. நம் குடிசை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று உனக்குத் தெரியவில்லையா தம்பி, இதைப் பிரித்துப் போடாவிட்டால் நாம் இதற்குள்ளேயே அழிந்துபோவோம் என்கிறார் கிழவர். எல்லோரும் ஒன்றாக முயன்று அதைச் சாய்ப்போம், உளுக்கத் தொடங்கிவிட்டது, சீக்கிரம் விழும் என்று பல்லவி வருகிறது.

பாஸ்க் மக்களுக்கு வீடு என்றால் என்ன என்று தெரிந்தவருக்கு இந்த மாற்றத்தின் துணிச்சல் புரியும். அங்கே குடும்பப் பெயர்களே பெரும்பாலும் வீட்டிலிருந்தோ வீடு இருக்கும் இடத்திலிருந்தோ வந்தவை. எச்செபெர்ரியா என்ற பரவலான குடும்பப் பெயருக்குப் புதுவீடு என்றுதான் பொருள். பண்ணைவீடு பிரிபடாமல் ஒரே வாரிசுக்குப் போவது பழைய முறை. ‘என் தந்தையின் வீட்டைக் காப்பேன்’ என்று சொல்லும் காப்ரியேல் அரெஸ்தியின் கவிதையைத் தெரியாத பாஸ்க் வாசகர் கிடையாது, அது 1960களின் முற்பகுதியில் வந்தது. அப்படிப்பட்ட மண்ணில் இந்தக் கிழவர் குடிசையைப் பிரித்துப் போடச் சொல்கிறார். கத்தலான் பாட்டில் எதிரி வெளியே நட்டிருக்கும் குச்சி. பாஸ்க் பாட்டில் நாம் குடியிருக்கும் கூரையே உளுத்துப்போயிருக்கிறது. எனக்குப் பாஸ்க் வடிவம்தான் இன்னும் கடுமையாகப் படுகிறது. கட்டை அறுத்துக்கொண்டு ஓடுவதோடு வேலை முடியவில்லை, இருப்பதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியாக வேண்டும் என்கிறது அது.

கடைசிச் சரணத்திலும் ஒரு சின்ன நகர்வு. மூலத்தில் தாத்தாவைக் கெட்ட காற்று கொண்டுபோய்விடுகிறது. புதிய பிள்ளைகள் கடந்துபோகையில், பாடகர் சிசெத்தின் கடைசிப் பாட்டைப் பாடுகிறார். பாஸ்க் வடிவத்தில் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துப் பாட்டைச் சொல்லிக்கொடுக்க விரும்புகிறார். இகஸ்தோலா நடத்திய மக்களின் வடிவம் வேறெப்படி இருக்கும்?

இதுவரை சொன்னது மட்டும் என்றால், இது ஒரு நல்ல மொழிபெயர்ப்புப் பாட்டின் கதையாக நின்றிருக்கும். 1976 மார்ச் 3 எல்லாவற்றையும் மாற்றியது.

விட்டோரியா, பாஸ்க் பெயர் கஸ்தெய்ஸ், ஆலைகள் வேகமாகப் பெருகிய நகரம். எக்ஸ்த்ரெமதுராவிலிருந்தும் கஸ்தீயாவிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் பிழைக்க வந்திருந்தார்கள். ஜனவரி 9ஆம் தேதி ஃபோர்ஹாஸ் அலவேசாஸ் உருக்காலையில் வேலைநிறுத்தம் தொடங்கி, ஒவ்வோர் ஆலையாகப் பரவியது. கோரிக்கையில் ஒரு சிறப்பு இருந்தது: சம்பள உயர்வைச் சதவீதமாகத் தராதே, எல்லோருக்கும் ஒரே தொகையாகக் கொடு. அப்படியானால்தான் குறைந்த கூலிக்காரருக்கு நன்மை. முடிவுகளை அரசு தொழிற்சங்கம் எடுக்கவில்லை, தொழிலாளர்கள் பொதுக்கூட்டம் போட்டுக் கைதூக்கி எடுத்தார்கள். அதிகாரிகளைப் பயமுறுத்தியது சம்பளக் கோரிக்கையைவிட இந்தக் கைதூக்கல்தான் என்று நினைக்கிறேன்.

கூட்டம் போட வேறு இடம் இல்லாததால் தேவாலயங்களில் கூடினார்கள். ஸ்பெயின் அரசுக்கும் வத்திக்கானுக்கும் இருந்த 1953 ஒப்பந்தப்படி, பாதிரியார் அனுமதியில்லாமல் காவல்துறை உள்ளே வர முடியாது. மார்ச் 3 பொது வேலைநிறுத்தம். மாலை 5 மணிக்கு சரமாகா பகுதியில் சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்தில் பொதுக்கூட்டம். நாலாயிரம் பேருக்கு மேல் உள்ளே அடைந்திருந்தார்கள், வெளியிலும் கூட்டம். கலைக்கச் சொன்னபோது பாதிரியார் மறுத்தார். காவலர்கள் ஜன்னலை உடைத்துக் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை உள்ளே வீசினார்கள். மூச்சுத் திணறி முகத்தை மூடிக்கொண்டு வெளியே ஓடிவந்தவர்கள் மேல் துப்பாக்கியால் சுட்டார்கள். ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் இளையவருக்கு 17 வயது, பேக்கரியில் வேலை பார்த்த பையன். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயம்பட்டார்கள், பலர் துப்பாக்கிக் குண்டால்.

காவலர்கள் அன்று வயர்லெஸ்ஸில் பேசியது பதிவாகியிருக்கிறது. வரலாற்றின் மிகப்பெரிய அடியில் நாங்களும் பங்கெடுத்திருக்கிறோம் என்று ஒரு குரல் சொல்கிறது. இங்கே படுகொலை நடந்திருக்கிறது என்ற சொற்களும் அதில் உள்ளன. அப்போது உள்துறை மானுவேல் ஃப்ராகாவின் கையில். தொழிற்சங்க உறவுத் துறை ரொதோல்ஃபோ மார்த்தின் வியாவின் கையில். சில நாள் கழித்து இருவரும் மருத்துவமனைக்கு வந்து காயம்பட்டவர்களைப் பார்த்தார்கள். வழக்கு இராணுவ நீதிமன்றத்துக்குப் போய் மூடப்பட்டது. சுட்டவர்களில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

செய்தி கேட்டு யாக் எழுதியதுதான் ‘காம்பனாதஸ் அ மோர்ஸ்’, சாவுமணி. 1977இல் இசைத்தட்டாக வந்தது. பழைய கறுப்பு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க இந்த ஒரே படைப்புதான். மூன்று நிமிடப் பாட்டுக்கு ஊர்வலத்தில் இடம் இருந்தது. இந்த இறப்புகளுக்கு அவ்வளவு போதாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இசைக்குழுவும் கோரஸும் வைத்து, தேவாலயத்தில் இறந்தவருக்குப் பாடும் திருப்பலியின் நடையில் கட்டினார். தேவாலய வாசலில் விழுந்தவர்களுக்கு அந்த நடை தவிர வேறெது பொருந்தும்?

தொடக்கம் மெதுவாக நகரும். மணியோசை, போரின் அழைப்பு, மூன்று கறுப்பு மணிகள் இழந்த மூன்று பிள்ளைகள் என்று படிமங்கள் வரும். இதில் கதை சொல்லப்படுவதில்லை. ஊர்ப்பெயர் கிடையாது, தேதி கிடையாது. அப்புறம் நடுப்பகுதியில் குரல் திடீரென்று எழுந்து நேருக்கு நேர் பேசும். அறிவையும் உயிரையும் கொன்றவர்களே, உங்கள் வாழ்நாளில் ஒரு நாளும் உங்களுக்கு நிம்மதி வேண்டாம், சாவிலும் எங்கள் நினைவுகள் உங்களைத் துரத்தட்டும் என்கிறது. கோரஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பாடும்போது சாபம் தீர்ப்பாகவே ஒலிக்கிறது. நீதிமன்றம் சொல்ல மறுத்த தீர்ப்பு.

மூன்றாம் பகுதி அடங்கி வரும். பதினேழே வயது, நீயோ இத்தனை கிழடு என்று தொடங்குகிறது. அவன் கண்ணின் ஒளிமேல் பொறாமைப்பட்டு இமைகளை மூடப் பார்த்தாய், உன்னால் முடியாது, அந்த ஒளியை நாங்கள் எல்லோரும் வைத்திருக்கிறோம். இங்கே ‘நீ’ யார் என்று பாட்டு சொல்வதில்லை. சுட்ட காவலராக இருக்கலாம், அமைச்சராக இருக்கலாம், செத்தும் சாகாத பழைய ஆட்சியாக இருக்கலாம். ஐந்து பேரில் ஒரு பையனின் வயதை மட்டும் எடுத்து அதன்மேல் முழுப் பகுதியையும் நிறுத்தியதுதான் யாக்கின் கலை. இந்த இடத்தை அமைதியாக ஒருமுறை கேட்டவருக்கு 17 என்ற எண் மறக்காது.

அந்த நகரத்து மக்களுக்கு இது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தங்கள் பிள்ளைகளைச் சுட்டவர்கள் பதவியில் இருக்கிறார்கள். உண்மையை உள்ளூரில் உரக்கச் சொல்ல வழியில்லை. ஐநூறு கிலோமீட்டர் தாண்டி, தங்களுக்குப் புரியாத மொழியில், ஒருவர் தன் திறமை முழுவதையும் போட்டு அவர்களுக்காக அழுதிருக்கிறார். இறந்தவர்களில் பலரும் அந்த ஊரவர்களில் பலரும் பிழைக்க வந்த குடும்பங்கள் என்பதால், பாஸ்க் மொழிப் பாடகர்களைவிட ஒரு கத்தலான் குரல் அங்கே எல்லோருக்கும் பொதுவாக அமைந்தது என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு. யாருடைய மொழியிலும் இல்லாததால் யாரும் அந்நியமாக உணரவில்லை.

2006 மார்ச் மாதம், முப்பதாவது ஆண்டு நினைவாக யாக் விட்டோரியாவுக்கே வந்தார். புவெசா அரீனா அரங்கில் இசைக்குழுவும் கோரஸும் சூழ அந்தப் படைப்பை முழுமையாகப் பாடினார். கேட்க வந்தவர்களில் 1976இல் அந்தத் தேவாலயத்துக்குள் இருந்தவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் இருந்தார்கள். அந்த நிகழ்வைச் சுற்றி லுயிஸ் தானெஸ் ஓர் ஆவணப்படம் எடுத்தார். கட்டணக் கச்சேரி என்ற கணக்கெல்லாம் அங்கே பொருந்தாது. முப்பது வருஷம் காத்திருந்து ஊர்கூடி நடத்திய இறுதிச் சடங்கு அது. அடுத்த ஆண்டே, 2007 மார்ச்சில், சொந்த ஊரான வெர்ஜஸில் இரண்டு கச்சேரிகளோடு யாக் மேடையை விட்டு விலகினார்.

பாஸ்க் மக்கள் இதே உரிமையோடு நடத்திய மற்றவர்களும் உண்டு. 1988இல் அமெரிக்கப் பாடகி ஜோன் பேயஸ் பில்பாவோவின் காளைச் சண்டை அரங்கில் பாடியபோது, ஹோஷான் ஆர்ட்சே எழுதி லபோவா மெட்டமைத்த ‘சோரியா சோரி’யை எவுஸ்கராவிலேயே பாடினார். சிறகை வெட்டியிருந்தால் பறவை எனதாகியிருக்கும், ஆனால் அது பறவையாக இருந்திருக்காது என்று சொல்லும் பாட்டு. அந்தப் பதிவு இசைத்தட்டாகவும் வந்தது. தாய்வழியில் பாஸ்க்காரரான பாக்கோ இபான்யெஸ், பாடகர் இமனோலுடன் சேர்ந்து 1999இல் எவுஸ்கராப் பாட்டுகளை வெளியிட்டார். 2006 ஜூலையில் சான் செபாஸ்தியான் கடற்கரையில் பாப் டிலன் மேடையேறுவதற்கு முன்னால் பாடியவர் லபோவா. அவருடைய கடைசி மேடையாக அது அமைந்தது, 2008 டிசம்பர் 1 அன்று மறைந்தார். வெளியிலிருந்து வரும் பெரிய பெயருக்கு முன்னால் தங்கள் பெரியவரை நிறுத்தி வரவேற்பது, நான் முன்பு சொன்ன அந்த வாழ்த்துப்பாட்டின் இலக்கணப்படியே இருக்கிறது.

‘லெஸ்தாக்கா’ பாஸ்க் நாட்டோடு நிற்கவும் இல்லை. போலந்தில் யாட்செக் கச்மார்ஸ்கி 1978இல் ‘சுவர்கள்’ என்று எழுதியது கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்த சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கத்தின் கீதமாயிற்று. கூட்டத்தின் ஆவேசத்தையே சந்தேகத்தோடு பார்த்து எழுதிய பாட்டு அது. கூட்டம் அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டு மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. பெலாரூஸில் 2020இல் தெருக்களில் ஒலித்தது. துனிசியாவில் யாசர் ஜ்ராதி அரபியில் எழுதிய வடிவம் 2011 புரட்சிக் காலத்தில் பரவியது. பிரான்சின் பெர்பிஞான் நகர ரக்பி அணியின் ரசிகர்களும் இதைத்தான் பாடுகிறார்கள். இத்தனை பேர் எடுத்தாண்டதால் மெட்டு தேய்ந்துவிட்டதோ என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. விளையாட்டு மைதானத்தில் கேட்கும்போது எனக்கும் மனம் ஒட்டுவதில்லை. ஆனால் பாஸ்க் வடிவம் அப்படித் தேயவில்லை, அதற்குக் காரணம் விட்டோரியாதான் என்பேன். மற்ற நாடுகள் யாக்கிடமிருந்து ஒரு பாட்டை வாங்கின. பாஸ்க் மக்களுக்கு அவரிடம் இரண்டு பாட்டுகள் இருக்கின்றன: ஒன்று அவர்கள் எடுத்துக்கொண்டது, இன்னொன்று அவர் அவர்களுக்காகச் செய்தது.

வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. ஸ்பெயினின் 1977 பொதுமன்னிப்புச் சட்டம் அங்கே கதவை அடைத்துவிட்டதால், பாதிக்கப்பட்டவர்கள் அர்ஜென்டினா நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி மரியா செர்வினி 2021இல் மார்த்தின் வியா மீது குற்றம் சுமத்தி உத்தரவிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 3 அன்று சரமாகாவில் அந்தத் தேவாலயத்துக்கு அருகே நினைவுக்கல்லில் மலர் வைக்கிறார்கள், நகரத்தின் வழியே ஊர்வலம் போகிறது, கொலைக்குப் பொறுப்பானவர்களை விசாரிக்க வேண்டும் என்ற அதே கோரிக்கையோடு.